செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு

1895 டிசம்பர் 16 அன்று லண்டன் விக்டோரியா தெருவில் அடால்ஃப் பெக் என்ற நார்வேக்காரரை ஒரு பெண் வழிமறித்தார். தன் நகைகளை ஏமாற்றிப் பறித்தவர் இவரே என்றார். பின்னர் வேறு பல பெண்களும் அவரையே அடையாளம் காட்டினர். 1877இல் இதே பாணி மோசடிக்காக ஜான் ஸ்மித் என்றொருவன் தண்டிக்கப்பட்டிருந்தான். பெக்கும் ஸ்மித்தும் ஒருவரே என்று காவல்துறை நம்பியது. ஆனால் 1877இல் பெக் தென்னமெரிக்காவில் இருந்தார். அதை நிறுவ முடிந்திருந்தால் வழக்கு அங்கேயே சரிந்திருக்கும். 1896 விசாரணையில் நீதிபதி ஃபாரஸ்ட் ஃபுல்டன் அந்தச் சாட்சியத்துக்கு இடந்தரவில்லை. 1877இல் ஸ்மித்துக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவர் இதே ஃபுல்டன்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெக்குக்கு ஏழாண்டுக் கடுஞ்சிறை.

அடுத்து எங்கே முறையிடுவது? இங்கிலாந்தில் அன்று குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இல்லை. 1848 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது. அது சட்டக் கேள்விகளுக்கு மட்டும் உரியது. அக்கேள்வியை மேலே அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும் விசாரித்த நீதிபதியே! பிழை செய்தவரிடமே பிழை திருத்தும் திறவுகோல். விந்தை என்னவெனில், தான் ஆண்ட இந்தியாவின் மாவட்ட நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மேல்முறையீட்டை அளித்திருந்தது அதே பேரரசு.

பெக்குக்கு எஞ்சியது உள்துறை அமைச்சகத்துக்கு மனுப்போடுவது மட்டுமே. ஸ்மித் விருத்தசேதனம் செய்தவன், பெக் செய்யாதவர் என்பது 1898இல் அங்கே தெரிந்தேவிட்டது. அதிகாரிகள் பெக்கின் கைதி எண்ணை மாற்றினார்கள், சிறையிலிருந்து விடவில்லை. 1901இல் வெளிவந்தவர், 1904இல் மீண்டும் அதே போன்ற குற்றச்சாட்டில் குற்றவாளி என முடிவாகித் தண்டனைக்குக் காத்திருந்தபோதுதான் உண்மையான ஸ்மித் பிடிபட்டான். பெக்குக்கு அரச மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு! சட்டத்திடம் வேறு சொல் இருக்கவில்லை.

அறுபது ஆண்டுகளாக மசோதாக்களைத் தோற்கடித்துவந்த நாடாளுமன்றம் 1907இல் இறங்கிவந்தது. புதிய நீதிமன்றத்தில் சட்டப் பிழைக்கு முறையிடுவது உரிமை. சாட்சியத்தை மறுபடி எடைபோட அனுமதி வேண்டும். தண்டனையைக் கூட்டவும் அதற்கு அதிகாரம் உண்டு. மறுவிசாரணைக்கு உத்தரவிட மட்டும் இல்லை. ஜூரியின் முடிவில் கைவைக்க நீதிபதிகள் வெகுவாகத் தயங்கினர். சாட்சியம் போதாது என்ற காரணத்துக்காக ஒரு கொலைத் தீர்ப்பு ரத்தானது 1931இல்தான். லிவர்பூலின் காப்பீட்டு முகவர் வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ், மனைவியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றவர், அப்படித்தான் வீடு திரும்பினார். அக்கம்பக்கத்தார் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 1933இல் அவர் இறந்தார்.