மேஸ்திரி முதல் ஹெச்.ஆர். வரை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "இன்ஜினீயரிங் சமாச்சாரம் வேண்டாம்ப்பா, ஃபார்முலா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க" என்றார்கள். சரி, இயந்திரங்களை விட்டுவிட்டு அவற்றை ஓட்டும் மனிதர்களைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

நம் கல்லூரியில் நான்கு வருடமும் தெர்மோடைனமிக்ஸ், மெட்டலர்ஜி எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்ட் ஓட்டுவது எப்படி என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பரீட்சைதான் வருகிறது! கேம்பஸ் இன்டர்வியூவில் நம்மை வரவேற்பவர் ஹெச்.ஆர். அதிகாரி. வேலையை விட்டு வரும்போது கணக்கு முடித்து அனுப்புபவரும் அவரே. அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது? அதில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. அதில் பெரும் பங்கு நம் சென்னைக்கும் உண்டு.

மேஸ்திரி ராஜ்யம்

இந்தியாவில் நூற்பாலைகளும் சணல் ஆலைகளும் பெருகிய காலத்தில் 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்று ஒன்று கிடையாது. ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது, வேலையை விட்டுத் துரத்துவது எல்லாம் மேஸ்திரி கையில் இருந்தது. பம்பாயில் அவருக்கு ஜாபர் என்று பெயர், கல்கத்தாவில் சர்தார். வேலை வேண்டுமென்றால் மேஸ்திரிக்கு மாமூல் வெட்ட வேண்டும். கிடைத்த வேலை நிலைக்கவும் அவர் தயவு வேண்டும். வெள்ளைக்கார மேனேஜருக்குத் தொழிலாளியின் மொழி தெரியாது, தொழிலாளிக்கு மேனேஜரின் அறைக்குப் போகத் துணிவில்லை. நடுவில் நின்றவர் ராஜாவாகிவிட்டார்.

வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளுக்கு மட்டும்தான் நேர வரம்பு வைத்தது. வளர்ந்த ஆண்களுக்கு வரம்பு வந்தது 1911இல்தான். அதுவும் நெசவாலைகளில் மட்டும், அதுவும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்!

பெரம்பூரில் ஒரு சாப்பாட்டு இடைவேளை

சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் பக்கிங்காம், கர்நாடிக் என இரண்டு ஆலைகள் இருந்தன. 'பி அண்டு சி மில்' என்றால் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். அங்கே தொழிலாளர்களுக்கு இருந்த குறைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான் அது. அடுத்து, மேலாளர்களும் மேஸ்திரிகளும் நடத்திய விதம்.

இந்தக் குறைகளைச் சொல்ல மில்லுக்குள் இடமில்லை. ஆகவே அவை மில்லுக்கு வெளியே போயின. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர்கள் வழியாக விஷயம் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவிடம் போனது. அப்போது 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும் தோள் கொடுத்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறைப்படி அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

பிறகு நடந்தது சோகக் கதை. 1920இல் கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மீது நஷ்டஈடு வழக்குப் போட்டது, தடை உத்தரவும் வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலகிக்கொள்ள, சமரசம் ஏற்பட்டது. 1921இல் மீண்டும் பல மாத வேலைநிறுத்தம். இந்த முறை தொழிலாளர்களே சாதி வாரியாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, மறுபடியும் துப்பாக்கிச் சூடு. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இடைவேளை பற்றிய முணுமுணுப்பை மில்லுக்குள்ளேயே கேட்க நியாயமான ஓர் ஆள் இருந்திருந்தால்? வரலாறு முழுக்க மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கூலி, மரியாதை, அந்நிய ஆட்சி என்று பெரிய காரணங்களும் இருந்தன. ஆனால் சின்னக் குறைக்குக் காது இல்லாத இடத்தில்தான் பெரிய குறை வளர்கிறது.

சட்டம் வந்த வழி

வாடியா வழக்கு நாட்டையே உலுக்கியது. சங்கம் வைத்தாலே வழக்குப் போடலாம் என்றால் யார் துணிவார்கள்? என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, பதிவு பெற்ற சங்கங்களுக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. இதற்கிடையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

1929இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931இல் அறிக்கை கொடுத்தது. ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி, அதற்கென ஒரு லேபர் ஆபீசரை நியமிக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. இன்றைய ஹெச்.ஆர். அதிகாரியின் ஜாதகத்தை எழுதச் சொன்னால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

வேலை நேரமும் படிப்படியாக இறங்கியது. வாரத்துக்கு 1922இல் 60 மணி, 1934இல் 54, 1946இல் 48. சுதந்திரம் வந்தபின் 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் ஒர்க்ஸ் கமிட்டி வந்தது. இவை எதுவும் யாரும் தானாகக் கொடுத்த இனாம் அல்ல.

போர்டு மாறியது

அதன்பின் இது ஒரு தனித் தொழிலாகவே ஆனது. 1936இல் பம்பாயில் தொடங்கிய டாடா சமூகப்பணிக் கல்லூரி, 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி போன்றவற்றில் படித்தவர்கள் ஆலைகளுக்கு வந்தார்கள். 1975இல் லார்சன் அண்டு டூப்ரோவில் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் 'மனிதவள மேம்பாடு' என்று தனித் துறையே அமைக்கும் யோசனையைக் கொடுத்தார்கள். பிறகு எல்லா இடத்திலும் போர்டு மாறியது. டைம் ஆபீஸ் பர்சனல் ஆனது, பர்சனல் ஹெச்.ஆர். ஆனது.

நல்லதுதான். ஆனால் போர்டு மாறிய வேகத்தில் ஒன்று நழுவியது. வெல்ஃபேர் ஆபீசர் ஷாப் ஃப்ளோரில் நடந்தார். ஹெச்.ஆர். அதிகாரி பல இடங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். ஆள் சேர்ப்பது மெல்ல கான்ட்ராக்டர் கைக்குப் போனது. 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தும், நிரந்தர வேலைக்கே ஒப்பந்த ஆள் என்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. விட்லி கமிஷன் வெளியே அனுப்பச் சொன்ன மேஸ்திரி, இன்வாய்ஸ் புத்தகத்தோடு பின் வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்!

அதே கதை, புது உடை

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று சரியான தகவல் வரவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரம்பூரில் இடைவேளை, இங்கே சாப்பாடு. இரண்டிலும் குறையைவிடப் பெரிதானது பதில் இல்லாமை.

2024 செப்டம்பர் 9 அன்று அதே வட்டாரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. ஊதியக் கோரிக்கையோடு முக்கியக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. 1918இல் எழுந்த கேள்வி நூறு ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

நல்ல செய்திகளும் உண்டு. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பவே, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து!

2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லோருக்கும் நியமன ஆணை, விலகினால் இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்ப்பு, ஒப்பந்தத் தொழிலாளரின் நல வசதிகளுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு என்பவை வரவேற்கத்தக்கவை. அரசு அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்ததும், வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புக் கட்டாயமானதும் தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்கு உள்ளாகியிருக்கின்றன. என் கண்ணில் முக்கியமானது வேறு: 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்ற விதி. காகிதத்தில் எழுதுவது சுலபம். அந்தக் குழு உண்மையில் கூடுகிறதா என்பதே கேள்வி.

ஒரு பத்து நிமிட விஷயம்

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாமே) இரண்டாவது ஷிஃப்ட் பஸ் அடிக்கடி பத்து நிமிடம் லேட்டாக வரும். பஸ் விட்டது கம்பெனி, ஆனால் அரை மணி நேரச் சம்பளம் பிடிக்கப்பட்டது தொழிலாளிக்கு! மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் இரண்டாவது ஷிஃப்டில் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. சத்தம் இல்லை, கோஷம் இல்லை, கேன்டீன் காலி. புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். அம்மா மறுநாள் அந்த பஸ்ஸிலேயே ஏறி வந்தார். வழியில் லெவல் கிராசிங் மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தார். பஸ் கிளம்பும் நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளினார். பிடித்த பணத்தையும் வாங்கிக் கொடுத்தார். "இத்தனை வருஷத்துல ஆபீஸ்லேருந்து ஒருத்தர் எங்க பஸ்ல வந்தது இதுதான் சார் முதல் தடவை" என்றார் ஒரு மூத்த ஆபரேட்டர்.

மேலாண்மைப் புத்தகம் எதிலும் படிக்காத பாடம் அது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! உங்களில் சிலர் எம்.பி.ஏ. முடித்து ஹெச்.ஆர். நாற்காலியிலேயே உட்காரப் போகிறீர்கள். பலர் என்னைப் போல ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிறீர்கள். எங்கிருந்தாலும் உங்கள் கீழ் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நியமன ஆணையை முழுசாகப் படியுங்கள். யாராவது சின்னக் குறை சொன்னால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்காதீர்கள். பெரம்பூரில் அப்படித்தான் ஒரு சாப்பாட்டு இடைவேளை சரித்திரமானது.