மூவர் கூடிய இசை

மூவர் என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவோர் திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளே. அவர்கள் தனித்தனியே பாடிப் படைத்தவர்கள். மூவர் ஒரே மேடையில் அமர்ந்து, ஒருவர் இசைக்கு மற்றவர் செவிசாய்த்து, புதியதோர் இசைநெறியை வகுத்த வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. பில் எவன்ஸ் என்னும் பியானோக் கலைஞர் அமைத்த ஜாஸ் குழுவின் வரலாறே அது.

ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோன்றி வளர்ந்தது. ஒரு பாட்டின் மெட்டை முதலில் வாசித்து, பின்னர் அதன் சுர அடுக்குகளை ஆதாரமாகக் கொண்டு கலைஞர் தம் கற்பனையை விரிப்பர். நம் கச்சேரியில் மனோதர்மத்திற்கு உள்ள இடம் அங்கும் உண்டு. பியானோ, டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம், டிரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது மூவர் குழு. பியானோ தலைமை தாங்க, பேஸ் அடிச்சுரத்தையும் டிரம் காலப்பிரமாணத்தையும் காத்து நிற்பதே அந்நாளில் பெருவழக்கு.

1929இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த எவன்ஸ், 1958இல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்து புகழ் பெற்றார். எனினும், மூவரும் சமமாக உரையாடும் குழு வேண்டும் என்பதே அவர் வேட்கை. தொடக்கத்தில் வந்த கலைஞர் பலர் நிலைக்கவில்லை. 1959இன் இறுதியில் டிரம் வாசிக்க பால் மோஷியனும், பேஸ் வாசிக்க ஸ்காட் லஃபாரோவும் அமைந்தனர். லஃபாரோவுக்கு அப்போது வயது 23. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் பயின்ற பின்னரே பேஸைக் கையில் எடுத்தவர் அவர்.

1959 டிசம்பர் 28இல் இவர்கள் முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்னும் பாட்டில் பேஸ் தன் முறைக்குக் காத்திராமல் பியானோவுக்கு மறுமொழி கூறுவதை நாம் கேட்கலாம். நாளடைவில், தாளத்தை எவரும் ஓங்கித் தட்டிக் காட்டாமல், மூவரும் உள்ளத்தில் நிறுத்தியே வாசிக்கும் நிலை வந்தது. மோஷியன் பல இடங்களில் கம்பித் தூரிகையால் டிரம்மை வருடினார். மௌனமும் அவ்விசையில் ஓர் அங்கமாயிற்று.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரில் ‘வில்லேஜ் வான்கார்டு’ என்னும் நிலவறை அரங்கில் பகலிலும் இரவிலுமாக ஐந்து முறை வாசித்தனர். ரிவர்சைடு நிறுவனம் அனைத்தையும் பதிவு செய்தது. கேட்போரின் பேச்சொலியும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும் இன்றும் அப்பதிவில் கேட்கின்றன. பதினோரு நாட்களுக்குப் பின், ஜூலை 6இல், லஃபாரோ மோட்டார் விபத்தில் மாண்டார். அவருக்கு வயது 25தான்! அந்த ஞாயிறு வாசித்தவற்றுள் லஃபாரோவின் திறம் சிறந்து விளங்கியவற்றைத் தேர்ந்து முதல் இசைத்தட்டு வெளியிடப்பட்டது. அவர் இயற்றிய பாட்டே அதன் முதலிலும் முடிவிலும் அமைந்தது.

துயரில் ஆழ்ந்த எவன்ஸ் சில மாதங்கள் மேடை ஏறவில்லை. 1962இல் சக் இஸ்ரேல்ஸ் பேஸ் வாசிக்கக் குழு மீண்டும் உயிர் பெற்றது. 1966இல் வந்த எடி கோமஸ் பதினோர் ஆண்டுகள் உடனிருந்தார். ஆட்கள் மாறினும், எவன்ஸ் 1980இல் மறையும்வரை நெறி மாறவில்லை. மோஷியனோ பிற்காலத்தில் கிதாரும் சாக்ஸபோனும் கொண்ட மூவர் குழுவைத் தாமே அமைத்து, 2011இல் மறைந்தார். முதல் குழு கூடி வாசித்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அது காட்டிய வழியிலோ உலகெங்கும் எண்ணற்ற குழுக்கள் நடந்தன.

தலைவர் இடம் கொடுத்ததனால் துணைவர் வளர்ந்தனர். துணைவர் வளர்ந்ததனால் தலைவரின் இசையும் உயர்ந்தது. பிற மாநிலத்தில் கூடி வாழ்ந்து, ஆண்டுதோறும் விழாவெடுக்கும் நம்மனோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் பண்பு இருக்குமாயின், ஆட்கள் வரினும் போயினும் சங்கம் நிலைக்கும் என்பது திண்ணம்.