மான் தீவனம் யார் கணக்கில்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, எங்க காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. நெரவிக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரைக் காட்டு மான்கள். வெளிமானுக்குப் பேர்போன அந்தக் காடு 1967இல் சரணாலயமானது. அங்கே பனி கிடையாது, கோடைதான் பஞ்சம். வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்பும், செலவு அரசுடையது.

தீவனமே போட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் பள்ளத்தாக்கு. எல்க் மான்கள் குளிர்காலத்தில் இறங்கி மேய்ந்த நிலமெல்லாம் பண்ணைகளாகிவிட, அவை பட்டினியில் கும்பலாகச் செத்தன. முதலில் பண்ணைக்காரர்களே தங்கள் வைக்கோலைக் கொடுத்தார்கள். 1911இல் அமெரிக்க நாடாளுமன்றம் 20,000 டாலர் ஒதுக்கியது. மறு வருஷமே எல்க் புகலிடம் வந்தது. பின்னாளில் சாரணச் சிறுவர்கள் உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்கி ஏலம் விட்டார்கள், பெரும்பங்கு புகலிடத்துக்கு. தன் சாப்பாட்டுக்குத் தானே கொம்பைக் கழற்றி வைத்த மாதிரி!

ஆனா, ஒரே இடத்தில் கூடித் தின்றதில் புருசெல்லோசிஸ் நோய் பரவியது. நூறு வருஷம் பழக்கியதை நிறுத்துவதும் லேசில்ல.

கோடியக்கரையில் சீமைக் கருவேலம் புல்வெளியை மூடுது. காயை மான் தின்னும்தான். விதையையும் அதுவே பரப்பிவிடும். மிச்சப் புல்லுக்குக் காட்டுக் குதிரைகளும் போட்டி. கருவேலத்தை வேரோடு பிடுங்கும் கூலியையும் தீவனக் கணக்கில்தான் எழுதணும் என்பது என் கட்சி.