துவக்கின் நம்பரும் பணிக்கரின் கயிறும்



யானை சுட எந்த அளவுத் துவக்கு நல்லது? 1840களில் இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமாருக்கு இது பெரிய கேள்வி.

அன்று துவக்கின் அளவை ஈயக் குண்டால் கணக்கிட்டார்கள். நம்பர் 10 என்றால், அதன் குண்டுகள் பத்துச் சேர்ந்தால் ஒரு றாத்தல். நம்பர் குறைந்தால் துவக்கு பெரிது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரிடம் நம்பர் 10 இரட்டைக்குழல் துவக்குகள் நான்கு இருந்தன. அதற்கு மேலே, நான்கு அவுன்ஸ் குண்டு போடும், 21 றாத்தல் பாரமான ஒன்றும் வைத்திருந்தார். கரிமருந்தால் குண்டின் வேகத்தை அதிகம் கூட்ட முடியாது. யானையின் மண்டையோட்டைத் துளைக்க, குண்டின் பாரத்தைக் கூட்டுவதே வழி. புகையில்லா வெடிமருந்து வந்தபின் கணக்கு மாறியது. ஆபிரிக்காவில் பெல் என்பவர் 7 மில்லிமீற்றர் துவக்கால் நூற்றுக்கணக்கில் சுட்டார்.

நம் நாட்டு யானைகளில் கொம்பன் குறைவு. ஆகவே இங்கே சுட்டது பெரும்பாலும் தந்தத்துக்கு அல்ல, விளையாட்டுக்கு. யானையைக் கொன்றால் அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது. மேஜர் ரோஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள்.

அதே காலத்தில் ஏறாவூர் முஸ்லிம் பணிக்கர்மார் துவக்கை நம்பாமல் காட்டுக்குள் போனார்கள். ஓசைப்படாமல் பின்னால் நெருங்கி, யானையின் பின்னங்காலில் தோல் கயிற்றுச் சுருக்கைப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டினார்கள். யானை உயிரோடு பிடிபட்டது. அவர்களின் துணிவை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் நூலில் வியந்து எழுதினார்.

பேக்கர் தன் கதையைத் தானே எழுதி வைத்தார். பணிக்கர்மார் எழுதவில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் கிழக்கு மாகாணத்து உறவுகளே, மூத்தவாப்பாமார் சொன்னது ஏதும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். நம் பிள்ளைகள் படிக்கட்டும்.