வீசும் தோளின் கணக்கு

மந்தைவெளியை அடுத்த மயிலாப்பூரின் லஸ் மாளிகையில் வளர்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, அதுவரை ஐரோப்பியர் கைக்குள் இருந்த கிரிக்கெட்டை இந்திய இளைஞர்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்து, தென்சென்னையின் பள்ளி, கல்லூரித் திடல்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் பந்து வீசி வருகின்றனர். இவ்வூரின் கிரிக்கெட் வரலாறு பெரும்பாலும் ஓட்டங்களாலும் விக்கெட்டுகளாலும் எழுதப்பட்டிருக்கிறதேயன்றி, வீசிய தோள்களும் முதுகுகளும் பட்ட பாட்டை வைத்து எழுதப்படவில்லை.

1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம். ஜே. கோபாலனும், 1948இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த காவல்துறை ஊழியர் சி. ஆர். ரங்காச்சாரியும் சென்னையின் தொடக்ககால வேக வீச்சாளர்கள். அவர்களுக்குப் பின் இந்நகரம் வி. வி. குமார், வெங்கட்ராகவன் ஆகியோரின் சுழற்பந்தால் பெயர் பெற்றது. புதுப் பந்தின் பளபளப்பைத் தேய்ப்பதே வேக வீச்சாளரின் வேலை என்ற எண்ணம் நிலைபெற்றது. வேலை சிறிதென்று கருதப்பட்டதால் அதற்கெனத் தனிப் பயிற்சியும் உடற்பராமரிப்பும் வளரவில்லை.

அந்நிலையை மாற்றிய அறிவு ஒரு காயத்திலிருந்து பிறந்தது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுப் பயணத்தில் முதுகெலும்பில் அழுத்த முறிவுகளுக்கு உள்ளானார். ஒரே அடியில் உடையாமல், திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் நுண்விரிசலே அழுத்த முறிவு எனப்படுகிறது. மாவுக்கட்டுக்குள் கிடந்த அவர், உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக் வகுத்த பயிற்சியால் 1974இல் மீண்டு வந்தார். மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பின்னர், இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் வேறு திசையிலும் திரும்பும் கலப்பு வீச்சு முறை முதுகின் கீழ்ப்பகுதியை முறுக்கிச் சேதப்படுத்துவதைக் கண்டறிந்தனர். 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சேத்துப்பட்டில் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பள்ளித் திடலில் வேகப்பந்துப் பயிற்சி மையத்தைத் தொடங்கி லில்லியையே ஆசானாக அமர்த்தியபோது, தமிழகத்தின் டி. ஏ. சேகர் துணைநிற்க, அந்த அறிவு மந்தைவெளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்கே வந்து சேர்ந்தது. இந்திய வேக வீச்சாளர்கள் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் ஆகியோர் அங்குப் பயின்றவர்கள்.

முதுகு முறிவு ஸ்கேன் படத்தில் தெரிந்துவிடும். தோளின் தேய்மானம் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. மேற்கை எலும்பின் தலையை மூட்டுக்குள் அணைத்துப் பிடிக்கும் நான்கு தசைகளின் தொகுதிதான், பந்து கையை விட்ட பிறகு சுழன்றோடும் கையை நிறுத்துகிறது. அது சோர்ந்தால் மூட்டு தளர்ந்து தசைநாண் உராய்கிறது. வளரும் வயதில் எலும்பின் நுனியில் உள்ள வளர்தட்டு, அதாவது எலும்பு நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்புப் பகுதி, இன்னும் கெட்டிப்படாததால் ஆபத்து கூடுகிறது. தோளின் சுமையைத் தவறாக மதிப்பிட்டது கிரிக்கெட் மட்டுமன்று. பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து முழு வட்டமாகச் சுழற்றி வீசும் முறை இயல்பானது, தோளுக்குத் தீங்கற்றது என்று நெடுநாள் நம்பப்பட்டதால், ஒரே பெண்ணை வார இறுதியில் ஆட்டத்துக்கு ஆட்டம் வீசவைப்பது வழக்கமாயிற்று; அளந்து பார்த்த ஆய்வுகளோ, அவ்வீச்சில் தோள் மூட்டைப் பிடித்திழுக்கும் விசை வீசுபவரின் உடல் எடையை நெருங்குவதாகக் காட்டின. வீச்சாளரின் சுமையை அளக்க, அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007இல் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டு வீச்சுகளையே எண்ணத் தொடங்கியது. இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேக வீச்சாளர் தொடர்ந்து 5 ஓவருக்கும், ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வீசக்கூடாதென நெறி வகுக்கப்பட்டது.

அறிவு அருகில் இருந்தும் காயங்கள் நின்றுவிடவில்லை. 2004 பாகிஸ்தான் பயணத்தில் புகழ்பெற்ற தமிழக வேக வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜி, முதுகின் அழுத்த முறிவால் ஆண்டுக்கணக்கில் ஆட்டத்தை இழந்து, வீசும் முறையை மாற்றியமைத்துக்கொண்டு 2009இல்தான் இந்திய அணிக்குத் திரும்பினார். அவருக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் கிடைத்தனர். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த வாய்ப்பு அரிது. பள்ளி அணி, கோடைக்காலப் பயிற்சி வலை, ஞாயிற்றுக்கிழமைத் தெரு ஆட்டம் என மூன்று இடங்களில் வீசும் பையனின் ஓவர்களை ஒவ்வோரிடத்திலும் ஒருவர் எண்ணினாலும் மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் இல்லை என்பதே இதில் உண்மையான குறை. சாந்தோம் முதல் மந்தைவெளி வரை பிள்ளைகளுக்கு வலைப்பயிற்சி தருவோரும் பெற்றோரும், வீசிய பந்துகளை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, வலி என்று பிள்ளை சொன்ன அன்றே பந்தை வாங்கி வைத்துவிட வேண்டும்.