ஓங்கிலும் கடற்பன்றியும்

மயிலாப்பூரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் பேச்சு குளத்தோடும் கோபுரத்தோடும் மாடவீதிகளோடும் நின்றுவிடுகிறது. கூப்பிடு தொலைவில் இருக்கும் கடல் நினைவுக்கு வருவதே இல்லை. ஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகமோ, மாசிக் கடலாட்டையும் மயிலையின் விழாக்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. நாம் முதுகு காட்டி நிற்கும் அந்தக் கடலில் வாழும் ஓர் உயிரின் பெயரைப் பற்றியே இங்குச் சிறிது ஆராயப் புகுகிறோம்.

ஆங்கிலத்தில் 'போர்ப்பஸ்' என வழங்கும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் இலத்தீனின் 'போர்க்குஸ்', 'பிஸ்கிஸ்' என்னும் இரு சொற்கள்: பன்றி, மீன். பன்றிமீன் என்பதே பொருள். இன்றைய பிரெஞ்சுக்காரர் அச்சொல்லைக் கைவிட்டு 'மார்சுவேன்' என்கின்றனர். அது வடபுல ஜெர்மானிய மொழிகளிலிருந்து பெற்ற கடன். அங்கும் பொருள் கடற்பன்றிதான். உருசிய மொழியில் 'மர்ஸ்காயா ஸ்வின்யா' என்றால் கடற்பன்றி. அதனையே சற்றுக் குறுக்கிச் செல்லமாக்கிச் சொன்னால் சோதனைச்சாலைகளில் வளர்க்கும் கினிப்பன்றியைக் குறிக்கும் என்பது வேடிக்கை.

ஐரோப்பியர் ஒருவரைப் பார்த்து ஒருவர் பெயரிட்டனர் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் சீனர் டால்பினைக் குறிக்க எழுதும் இரண்டு எழுத்துகளும் கடல், பன்றிக்குட்டி என்றே பொருள்படும். வியட்நாமியர் அதனைப் பன்றிமீன் என்பர். மலையாளக் கரையில் 'கடல்பன்னி' வழங்குகிறது. கொழுத்த உடல், மொழுக்கென்ற முகம், தோலுக்கடியில் தடித்த கொழுப்பு, நீர்மேல் வந்து மூச்சுவிடும்போது எழும் சீறல் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் பழகியவர் எவருக்கும் பன்றி நினைவுக்கு வந்திருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரை மீனவர் இதனைச் 'சீறும் பன்றி' என்றே அழைத்தனர். எல்லோருக்கும் பன்றி தோன்றியது என்றும் சொல்வதற்கில்லை. 1520களில் சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியரின் மொழியில் இதற்குத் 'தோனீஞ்யா' என்று பெயர். அது சூரைமீனின் பெயரிலிருந்து பிறந்தது.

தமிழில் நிலைமை என்ன? 'கடற்பன்றி' நம் அகராதிகளில் இடம்பெற்ற சொல். ஆங்கிலப் பெயரைப் பாதிரிமார் மொழிபெயர்த்து வைத்தது இது என்று சிலர் ஐயுறுவதுண்டு. மலையாளக் கரையின் வழக்கை நோக்க அந்த ஐயம் வலுவிழக்கிறது என்பது நம் கருத்து. பன்றி என்றதும் முகஞ்சுளிப்பது பிற்கால நகரத்தார் பழக்கம். மாமல்லையின் வராகக் குகையில் நிலமகளைக் கடலிலிருந்து ஏந்தி நிற்பவர் யார்? அதே கரையில் திருவிடந்தையில் கோயில் கொண்டிருப்பவரும் வராகப் பெருமாளே. கடலுக்கும் பன்றிக்கும் உள்ள உறவு நம்மவர்க்குப் புதிதன்று.

தென்கரை மீனவரிடம் வழங்கும் 'ஓங்கில்' அல்லது 'ஓங்கல்' இன்னும் அழகிய சொல். ஓங்குதல் என்றால் உயர்தல், மேலெழுதல். அலையைப் பிளந்து வளைந்தெழும் டால்பினுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு மொழியில் உண்டா என்று நாமறியோம். ஆயினும் பள்ளிப் பாடநூலிலும் நாளேட்டிலும் 'டால்பின்' தான் நீந்துகிறது.

இச்சொற்கள் ஏட்டில் ஏறாமற்போனால் என்ன நேரும் என்பதை வால்ட்டர் எலியட்டின் கதை காட்டும். அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்த அதே எலியட்தான். சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியில் இருந்த அவர், விசாகப்பட்டினக் கரையில் பிடிபட்ட கடற்பாலூட்டிகளின் மண்டையோடுகளையும் படங்களையும் சேர்த்து இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ரிச்சர்டு ஓவன் 1866இல் கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு டால்பினுக்கு அவர் இட்ட சிற்றினப் பெயர் 'கடமு'. அது தெலுங்கு மீனவர் வழங்கிய பெயர். பின்னர் அவ்வுயிர் முன்பே பெயர் பெற்றிருந்த வேறோர் இனம் என்று தெளியவே அப்பெயர் வழக்கொழிந்தது; என்றாலும் தெலுங்குச் சொல் விலங்கியல் ஏட்டில் நிலைத்துவிட்டது. எலியட் கேட்டு எழுதினார், ஆகையால் நின்றது. நம் ஓங்கிலுக்கு அப்படியொரு செவி வாய்க்கவில்லை.

அதே கட்டுரையில் இன்னொரு விலங்கை ஓவன் போர்ப்பஸ் பேரினத்தில் வைத்தார். சில்கா ஏரியில் இன்றும் காணப்படும் ஐராவதி டால்பின்தான் அது. விசாகப்பட்டினத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்ட உயிர் பர்மாவின் ஆற்றுப் பெயரால் புகழ்பெற்றதை என்னென்பது!

இனி உண்மையான கடற்பன்றிக்கு வருவோம். டால்பினுக்கும் இதற்கும் வேறுபாடு தெளிவானது. டால்பினின் பற்கள் கூம்பு வடிவின. இதன் பற்கள் மண்வெட்டிபோல் தட்டையானவை. இதற்கு நீண்ட அலகும் இல்லை. இந்தியக் கடல்களில் வாழும் கடற்பன்றி இனம் ஒன்றே ஒன்று. அதற்கு முதுகுத் துடுப்பும் கிடையாது. முதுகில் சிறு புடைப்புகள் நிறைந்த ஒரு வரி மட்டுமே உண்டு. 1829இல் குவியே இதனை விவரித்தபோது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று குறித்தார். அங்கே இவ்வினம் காணப்பட்டதே இல்லை. மாதிரி மலபார்க் கரையிலிருந்து சென்றிருக்கலாம் என்பதே பின்வந்தோர் கொண்ட முடிவு. பிறந்த ஊரே மாற்றி எழுதப்பட்ட உயிர் இது.

கரையோர ஆழமற்ற நீரில், தனித்தோ இரண்டு மூன்றாகவோ திரிவது இதன் இயல்பு. பெரும்பாலும் துள்ளுவதில்லை, ஓசைப்படாமல் மேலே வந்து மூச்செடுத்து அமிழ்ந்துவிடும். எனவே இதனை ஓங்கில் என்பது பொருந்தாது. ஓங்குவது ஒன்று, ஓங்காதது மற்றொன்று. நம் முன்னோர் வைத்த இரு சொற்களையும் இவ்வாறு பிரித்து வழங்கினால் ஆங்கிலத்தின் இரு சொற்களுக்கும் இடர்ப்பாடின்றித் தமிழ் கிடைத்துவிடுகிறது. குழப்பம் வேறொரு திசையிலிருந்து வரலாம். சிங்களத்தில் 'முகுது ஊரா', அதாவது கடற்பன்றி, என்றால் நாம் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்லும் புல்மேயும் விலங்கைக் குறிக்கும். மெக்சிகோவிலோ, 1958இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு கடற்பன்றி இனத்திற்குச் 'சிறுபசு' என்னும் பொருளில் 'வக்கீட்டா' என்று பெயர். செவுள்வலைகளில் சிக்கி மாண்டு, அவ்வினம் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்துவிட்டது.

நம் கடற்பன்றிக்கும் வலைதான் பகை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையிலேயே வைத்தது. ஆயினும் கரையொதுங்கிய உடல் ஒவ்வொன்றையும் செய்தித்தாள்கள் 'டால்பின்' என்றே எழுதினால், இறந்தது எந்த இனம், எத்தனை என்ற கணக்கு எப்படிக் கிடைக்கும்? அடுத்த முறை மயிலைக் கரையில் துடுப்பில்லாக் கரிய உடலொன்று ஒதுங்கினால், செய்தி எழுதுவோர் முதலில் அதன் முதுகைப் பார்க்கட்டும். பின்பு நொச்சிக்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதட்டும்.