யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்கால வீட்டு வாழ்க்கை

1990 யூன் மாதம் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் தொடங்கியதும், யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உள்ளானது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி ஆகியன அரிதாகி, விலை பன்மடங்கு ஏறியது. சேர்த்து வைக்க வழியற்ற குடும்பங்கள் தேவையைக் குறைத்தும், கைக்கு எட்டியதைப் பயன்படுத்தியும் சமாளித்தன.

இவற்றுள் ‘சிக்கன விளக்கு’ குறிப்பிடத்தக்கது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினர். போத்தலே சிமினியாகிச் சுடரைக் காற்றிலிருந்து காத்தது. மாணவர் அவ்வொளியிலேயே பரீட்சைகளுக்குப் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியால் துணி துவைத்தனர்.